முதல்ல பொட்டு, அப்புறம் சாவி

என் கூடப் பொறந்தவளே, பாக்கியம் அக்கா,

நல்லா இருக்கியான்னு உன்கிட்ட கேக்க முடியாது. கேக்காம ஒரு கடுதாசியை எப்படித் தொடங்குறதுன்னும் எனக்குத் தெரியல. சரி, நான் நல்லா இருக்கேன். முட்டி வலி அப்படியேதான் இருக்கு. நீ போய்ச் சேர்ந்ததுக்கப்புறம் என்னைத் திட்ட ஆள் இல்லாததால வாய் இன்னும் கொஞ்சம் நீண்டு போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க.

நேத்து காய் வாங்கப் போன புந்தோங் பசார்ல ஒரு மரக்கறி லாரி நடுவழியில நின்னுக்கிட்டு அடம் பிடிச்சுச்சு. டிரைவர் சாவியைத் திருப்புறான், "டக்". மறுபடி திருப்புறான், மறுபடியும் "டக்". எனக்கு இருப்புக் கொள்ளல. கூடையைக் கீழ வச்சுட்டுப் போயி, தம்பி, எர்த் ஒயரைப் பாருப்பான்னு சொன்னேன். என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, அக்கா என்ன வண்டி ரிப்பேர் பண்ற போர்மேனான்னு கேட்டான். நான் இல்லப்பா, எங்க அக்கா போர்மேன்னு சொல்லிட்டு நின்னேன். கடைசியில பார்த்தா அவன் பேட்டரிதான் செத்துப் போயிருக்கு. எனக்கு மானம் போச்சு. ஆனா அந்தச் சத்தம் காதுல விழுந்ததுல இருந்து நீ என் கூடவே நடக்குற மாதிரி இருக்கு, அதான் எழுத உக்காந்துட்டேன்.

நம்ம தோட்டத்துல இப்ப ரப்பர்ப் பால் மரம் ஒண்ணு கூடக் கிடையாது. எல்லாம் எண்ணெய் எடுக்குற செம்பனை. செமோர் பக்கம் ஈயம் எடுத்த லம்பச் சுரங்கமெல்லாம் ஒவ்வொண்ணா மூடுறாங்க, ஆம்பளைங்க வேலை தேடி சிங்கப்பூர் வரைக்கும் போறாங்க. உன் லாரியை வாங்கிட்டுப் போனாரே சுங்காய் ஊர்க்காரரு, அவரு இன்னும் அதை ஓட்டுறாராம். செம்பனைக் குலை ஏத்துறாராம். அவரு மருமகனைக் கோயில்ல பார்த்தேன், கிழட்டு லாரி, ஆனா காலையில ஒரே சாவியில எந்திரிச்சிடும்னு பெருமையாச் சொன்னான். நான் சிரிச்சுக்கிட்டு வந்துட்டேன். எதுக்குச் சிரிக்கிறேன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கடுதாசியை நாலு பேரு படிக்கட்டும்னுதான் எழுதுறேன். அதனால உனக்குத் தெரிஞ்ச கதையையே உனக்குச் சொல்லப் போறேன். கோவிச்சுக்காதே.

அந்த லாரி வெள்ளைக்கார துரை காலத்து டீசல் லாரி. தோட்டத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சு வித்தப்போ அத்தான் அதை ஏலத்துல எடுத்தாரு. ரப்பர் ஷீட்டும் கட்டிப்பாலும் ஏத்திக்கிட்டு ஈப்போவுக்குப் போய் வர்றது அதோட வேலை. உள்ள ஒயரெல்லாம் எலி கடிச்சதும் ஒட்டுப் போட்டதுமா இருக்கும். அத்தான் அடியில படுத்துக்கிட்டு ஒவ்வொண்ணா இழுத்துப் பார்ப்பாரு, நீ பக்கத்துல குந்திக்கிட்டு ரெண்டு ஒயர் மாட்டின பல்பைப் பிடிச்சுக்கிட்டு, எரியுது, எரியலைன்னு சொல்லுவே. நான் கூட கிண்டல் பண்ணுவேன், புருஷன் பொஞ்சாதி சினிமாவுக்குப் போற நேரத்துல லாரிக்கு அடியில குடித்தனம் பண்றாங்கன்னு.

அத்தான் நெஞ்சு வலியில திடீர்னு போயிட்டாரு. லாரி உன் பேருக்கு வந்துச்சு. அவரு தம்பி கோவிந்தன் மச்சான்தான் அதை ஓட்டினாரு. நீ காலையில பால் வெட்டுவே, மத்தியானம் லாரிக்கு லோடு கணக்குப் பார்ப்பே. அந்த லாரி ஓடினாத்தான் உன் வீட்டுல அடுப்பு எரியும், புள்ளைங்க பள்ளிக்கூடம் போகும். அது ஊருக்கே தெரியும்.

அடுத்து வந்த ஆயுத பூசைக்கு கோவிந்தன் மச்சான் லாரியை மாப்பிள்ளை மாதிரி ஆக்கிட்டாரு. குறை சொல்லக் கூடாது, அண்ணன் மேல உள்ள பாசம். பேட்டரிப் பெட்டியைக் கழட்டி, ஒயரையெல்லாம் அவுத்து, அடிச்சட்டம் முழுக்க வெள்ளிப் பெயிண்டு ரெண்டு பூச்சுப் பூசினாரு. காஞ்சதும் எல்லாத்தையும் திருப்பி மாட்டி, மாட்டின போல்டு மேலயும் ஒரு பூச்சு. சாயந்திர வெயில்ல அது பளபளன்னு மின்னிச்சு. கோயிலுக்கு முன்னால தள்ளிக் கொண்டாந்து நிறுத்தி, வாழைக்கன்னு கட்டி, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சாங்க.

யாரு பொட்டு வைக்கிறதுன்னு வந்தப்போ எல்லாரும் கோயில் பண்டாரத்தைப் பார்த்தாங்க. அதுவரைக்கும் அத்தான் வச்சாரு. நீ யாரையும் கேக்கல. லாரி என்னுது, நானே வைக்கிறேன்னு சந்தனக் கிண்ணத்தை எடுத்தே. உன் நெத்தி வெறும் நெத்தி. அந்த வெறும் நெத்தியோட போயி லாரி நெத்தியில சந்தனம் வச்சு, அதுக்கு மேல குங்குமம் வச்சு, சூடம் காட்டினே. பொம்பளைங்க பக்கத்துல ஒரு முணுமுணுப்பு எந்திரிச்சு அடங்கிச்சு.

அப்புறம் கோவிந்தன் மச்சான் ஏறி உக்காந்து சாவியைத் திருப்பினாரு.

"டக்."

அவ்வளவுதான். ஸ்டீரிங்குக்கு முன்னால இருக்குற சிவப்பு லைட்டு அணைஞ்சுச்சு, சாவியை விட்டா மறுபடி எரிஞ்சுச்சு. இன்னொரு தடவை. அதே "டக்". எலுமிச்சம்பழம் நசுங்காம அப்படியே கிடக்குது, அத்தனை பேரும் உன்னைப் பார்க்குறாங்க. நீ சூடத் தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். கடைசியில ஆம்பளைங்க சேர்ந்து தள்ளி, தள்ளினதுல இஞ்சின் பிடிச்சுக்கிட்டு, பழத்து மேல ஏறிப் போச்சு. ஆனா அதுக்குள்ள பேச்சு லயத்து வீடுங்க முழுக்கப் போயிருச்சு. தாலி அறுத்தவ கையால பொட்டு வச்சா வண்டி எப்படி ஓடும்னு.

நான் விடுவேனா? தண்ணிக் குழாய்கிட்ட நின்னு ஒருத்தியோட சண்டை போட்டேன். நீ வந்து என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனே. கத்தாதே, வண்டியில என்னமோ கோளாறு இருக்கு, அதைப் பார்ப்போம்னு மட்டும் சொன்னே.

பார்த்தாங்க. நல்லாவே பார்த்தாங்க. லைட்டு பளிச்சுன்னு எரியுது, ஹாரன் அடிக்குது. இருந்தாலும் பேட்டரியைக் கழட்டி செமோருக்குக் கொண்டு போயி சார்ஜ் போட்டுக் காட்டினாங்க, குத்தமில்லைன்னு சொல்லிட்டாங்க. முனையில பூத்த உப்பைச் சுடுதண்ணி ஊத்திக் கழுவினாங்க. திருப்பி மாட்டினா "டக்". ஸ்டார்ட்டரைக் கழட்டிச் சீனப் போர்மேன்கிட்ட கொண்டு போனாங்க. அவரு பெஞ்சில வச்சு ஒயரைக் கொடுத்ததும் அது துள்ளிக் குதிச்சுச் சுத்திச்சாம். ஸ்டார்ட்டர் பாகுஸ் லா, நல்லாத்தான் இருக்கு, வேற எங்கயாவது பாருன்னு அனுப்பிட்டாரு. பேட்டரியில இருந்து ஸ்டார்ட்டருக்குப் போற மொத்த ஒயரையும் புதுசா மாத்தினாங்க. "டக்".

ஒவ்வொரு சாமானும் நல்லா இருக்குன்னு தெரியத் தெரிய, குத்தம் உன் மேல இன்னும் இறுகிச்சு அக்கா. பேட்டரி மேல தப்பு இல்ல, ஸ்டார்ட்டர் மேல தப்பு இல்ல, அப்போ வேற யார் மேல? அப்படித்தான் போச்சு அவங்க கணக்கு. காலையில வண்டியைத் தள்ள வந்த ஆம்பளைங்களும் ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. ஒருத்தருக்கு இடுப்பு வலி, ஒருத்தருக்கு மாமியார் வீட்டுல விசேசம். வண்டியைத் தொடவே பயம்னு வாய் விட்டுச் சொல்ல வெக்கம். ரப்பர் ஸ்டோர்ல கணக்கு எழுதுற கிராணி ஆள் அனுப்பிட்டாரு, இப்படித் தள்ளிக்கிட்டே வர்ற லாரியை நம்பி ஷீட்டை ஏத்த முடியாது, அடுத்த வாரத்துல இருந்து வேற லாரிக்குச் சொல்லப் போறேன்னு.

ஞாயித்துக்கிழமை உன் வீட்டு வாசல்ல சொந்தக்காரங்க கூடிட்டாங்க. கோவிந்தன் மச்சான் உன் முகத்தைப் பார்க்காம தரையைப் பார்த்துக்கிட்டே பேசினாரு. அவரு கெட்டவரு இல்ல. நெசமாவே பயந்து போயிருந்தாரு, அண்ணனைப் பறிகொடுத்த மனுசன், அடுத்தது தான்தானோன்னு நெனச்சுட்டாரு. லாரியை அவரு பேருக்கு மாத்திடலாம், அவரு பொஞ்சாதி கையால மறுபடி பூசை போடலாம், மாசா மாசம் உனக்கு ஏதாவது கொடுத்துடுறேன்னு சொன்னாரு. பெரியவங்க எல்லாரும் நல்ல யோசனைன்னு தலையாட்டினாங்க. அத்தான் போனதுக்கப்புறம் உனக்குன்னு இருந்தது அந்த லாரி ஒண்ணுதான், அதையும் உன் கையைக் காட்டியே உன் கையில இருந்து பிடுங்கப் பார்த்தாங்க.

நீ எல்லாத்தையும் கேட்டுட்டு எந்திரிச்சே. முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு, தம்பி, ஏறி உக்காந்து சாவியைத் திருப்புங்க, நான் போதும்னு சொல்ற வரைக்கும் விட்டு விட்டுத் திருப்பிக்கிட்டே இருங்கன்னு சொன்னே. சரி, அண்ணிக்குக் கடைசி ஆசை போலன்னு அவரும் ஏறினாரு.

டக். டக். டக். நீ லாரியோட பக்கவாட்டுல நின்னு கையை வச்சே. முதல்ல பேட்டரி முனை. அங்கேயிருந்து புது ஒயரைத் தடவிக்கிட்டே போனே, புள்ளைக்கு ஜுரம் இருக்கான்னு பார்க்குற மாதிரி. ஸ்டார்ட்டர் வரைக்கும் போனே. ஒண்ணுமில்ல. அங்க நின்னு கொஞ்ச நேரம் யோசிச்சே. அப்புறம் எல்லாரும் விட்டுட்டு வந்த பக்கம் திரும்பினே. பேட்டரியில இருந்து அடிச்சட்டத்துக்குப் போற குட்டி ஒயர், எர்த் ஒயர். அதைத் தடவிக்கிட்டே போயி, பெட்டிக்குப் பின்னால கையை விட்டே. விட்ட வேகத்துல வெளிய இழுத்து விரலை வாயில வச்சுக்கிட்டே. சுட்டுருச்சு.

அப்பச் சிரிச்சே பாரு. அத்தான் போனதுல இருந்து நீ சிரிச்சு நான் பார்க்கல.

என்னைக் கூப்பிட்டு, பால் வெட்டுற கத்தியை எடுத்தாடின்னே. போல்டைக் கழட்டிட்டு, அந்த வெள்ளிப் பெயிண்டைச் சீவினே. மரத்துப் பட்டையைச் சீவுற அதே கை. ஆழமும் போகாம மேலோட்டமாவும் இல்லாம, சுருள் சுருளா உரிஞ்சு விழுந்துச்சு. பெயிண்டுக்கு அடியில பழைய இரும்பு வெளேர்னு வந்துச்சு. நான் பக்கத்துல குந்திக்கிட்டு, என்னக்கா இதுன்னு கேட்டேன்.

"கரண்டு போனா மட்டும் போதாது செல்லம், திரும்பி வரணும். போற வழியைத்தான் எல்லாரும் பார்த்தாங்க. வர்ற வழியை யாரும் பார்க்கல."

திரும்பி வர்ற ஒயர் எங்க இருக்குன்னு கேட்டதுக்கு, நீ கத்தியால லாரியோட சட்டத்தைத் தட்டிக் காட்டினே. இதுதான்னே. இந்த இரும்பு முழுசும்தான்னே. அத்தான் சொல்லுவாராம், லாரியோட ஒடம்பு மொத்தமும் ஒரே ஒயருன்னு. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு. எத்தனை வருசம் அந்த இரும்பு மேல உக்காந்து பசாருக்குப் போயிருக்கேன், சாஞ்சு தூங்கியிருக்கேன். என் முதுகுக்குப் பின்னால சத்தமில்லாம அவ்வளவும் திரும்பி வந்துக்கிட்டு இருந்திருக்கு. இன்னைக்கும் நெனச்சா ஆச்சரியமாத்தான் இருக்கு.

அப்போ லைட்டு எப்படி எரிஞ்சுச்சுன்னு நான் விடல. போல்டு மரையில கொஞ்சூண்டு இரும்பு பட்டுக்கிட்டு இருந்திருக்கு, லைட்டுக்கு அது போதும், ஸ்டார்ட்டருக்குப் போதாதுன்னே. ஒத்தையடிப் பாதையில ஒரு ஆள் நடந்துடலாம், தேரை இழுக்க முடியுமான்னு கேட்டே. அவ்வளவு கரண்டும் அந்தச் சின்ன இடத்துல முட்டி மோதித்தான் சூடு ஏறியிருக்கு.

கோவிந்தன் மச்சான் இறங்கி வந்து நின்னுக்கிட்டு இருந்தாரு. தரையில கிடந்த வெள்ளிச் சுருளைப் பார்த்தாரு, சுத்தி நின்னவங்களும் பார்த்தாங்க. பெயிண்டு பூசினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். என் நாக்கு நுனியில அத்தனையும் வந்து நின்னுச்சு, நீ ஒரு பார்வை பார்த்தே, முழுங்கிட்டேன். நீ அவருகிட்ட, பெயிண்டு ரொம்ப நல்லாப் பூசியிருக்கீங்க தம்பி, இந்த ஒரு இடத்துல மட்டும் இனிமே வேணாம்னு சொன்னே. அவரு மூஞ்சி செத்துப் போச்சு. ஒயரைத் தேய்ச்சு, இரும்பு இரும்போட படுற மாதிரி போல்டைப் போட்டு இறுக்கினே.

அவரு ஓடிப் போயி சீட்டுல ஏறிட்டாரு. அண்ணி, போட்டுப் பார்க்கவான்னு கேட்டாரு. யாரா இருந்தாலும் பார்க்கச் சொல்லியிருப்பாங்க. வண்டி எந்திரிச்சதும் அந்த மகராசிங்களை ஒரு பார்வை பார்த்துட்டு, அப்புறமா ஜம்முன்னு போய்ப் பொட்டு வச்சிருக்கலாம். ஒருத்தி வாயைத் திறந்திருக்க மாட்டா.

"இருங்க தம்பி"ன்னு சொல்லிட்டு நீ வீட்டுக்குள்ள போனே. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினே. சந்தனத்தைக் குழைச்சு எடுத்துக்கிட்டு வந்தே. பூசை போட வந்திருந்த அவரு பொஞ்சாதி, தலையாட்டின பெரியவங்க, குழாயடியில என்னோட சண்டை போட்டவ, அத்தனை பேரும் நிக்கிறாங்க. நடுவுல நடந்து போயி லாரி நெத்தியில பழைய பொட்டைத் துடைச்சுட்டு, புதுசா சந்தனம் வச்சு, குங்குமம் வச்சே. இப்ப மட்டும் அது "டக்"னு சொல்லிச்சுன்னா, லாரி போச்சு, உன் மானம் போச்சு, ஆயுசுக்கும் உன்னை ஒரு நல்லது கெட்டதுக்குக் கூப்பிட மாட்டாங்க. அது உனக்குத் தெரியாதா?

அப்புறம் தலையை ஆட்டினே. அவரு சாவியைத் திருப்பினாரு.

ஐயோ, அந்தச் சத்தம். அரை சுத்துக் கூட ஆகல, உறுமிக்கிட்டு எந்திரிச்சுருச்சு. கருப்புப் புகை கிளம்பி லயத்துக் கோழியெல்லாம் சிதறி ஓடிச்சு. வாசப்படி அதிர்ந்துச்சு. கோவிந்தன் மச்சான் ஸ்டீரிங்கிலே தலையை வச்சுக்கிட்டு அழுதாரு. அடுத்த நாளே ஷீட்டு ஏத்திக்கிட்டு ஸ்டோர்ல இருந்து கிளம்பினாரு. அதுக்கப்புறம் லாரியை யாரு பேருக்கு மாத்துறதுன்னு ஒருத்தரும் பேசல. வருசா வருசம் நீதான் பொட்டு வச்சே.

அன்னைக்கு எல்லாரும் போனதும் நான் உன்னைப் பிடிச்சுக்கிட்டேன். ஏன்க்கா இப்படிப் பண்ணினே, ஸ்டார்ட் ஆகாம இருந்திருந்தா நீ என்ன பண்ணியிருப்பேன்னு கேட்டேன். நீ விரலுக்கு மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சுக்கிட்டே நிமிர்ந்து பார்த்து, இவ என்ன கேக்குறான்னு முழிச்சே.

"ஆகலைன்னா என்ன? எர்த்து வேற எங்க விட்டுருக்குன்னு பார்த்திருப்பேன்."

நான் பெரிய பந்தயம் கட்டுறேன்னு நெனச்சேன், அக்கா. நீ பந்தயமே கட்டல. பொட்டு ஒண்ணு, ஒயர் ஒண்ணு. ரெண்டையும் முடிச்சுப் போட்டது நாங்கதான். உன்னை எத்தனையோ வருசமா பக்கத்துல பார்த்தவ நான், ஆனா அன்னைக்கு மலையைப் பார்க்குற மாதிரி பார்த்துக்கிட்டு நின்னேன்.

இப்ப என் சேதிக்கு வாரேன். எங்க வீட்டுக்காரரும் போயி சேர்ந்துட்டாரு. நீ போன கொஞ்ச நாள்லயே. நீ அங்க பார்த்திருப்பே. வர்ற மாசம் என் மக வாசுகிக்குக் கல்யாணம். பையனுக்கு ஊரு பாகான் டத்தோ, தங்கமான புள்ள, பேக்டரியில இவ கூட வேலை பார்க்குறான். சம்பந்தியம்மா போன வாரம் வந்தாங்க. காப்பி எல்லாம் குடிச்சுட்டு, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ரொம்ப அன்பாத்தான் சொன்னாங்க. நலங்கு வைக்கிறப்போ சுமங்கலிங்க முன்னால நிக்கட்டும், நீங்க பின்னால இருந்து கண் குளிரப் பாருங்க, புள்ளைங்க நல்லா இருக்கணும்லன்னு.

குழாயடியில சண்டை போட்ட நானு, ஒரு வார்த்தை பேசல அக்கா. தலையாட்டிட்டேன். ஊருக்காக உனக்காகன்னா என் வாய் நீளும். என் கையைப் பத்திப் பேசினதும் எனக்கே பயம் வந்துருச்சு. நான் தொட்டு, நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா? இந்த நெனப்புல ஒரு வாரமா சோறு இறங்கல. உனக்கு இந்த மாதிரி பயமே வந்ததில்லையா? இல்ல, வந்தும்தான் நடந்து போனியா? அதைக் கேக்காம விட்டுட்டேன்.

வாசுகிகிட்ட இன்னைக்குக் காலையில சொல்லிட்டேன். சம்பந்தியம்மாகிட்ட ஞாயித்துக்கிழமை நேர்ல போயி, கையைப் பிடிச்சுக்கிட்டு, நானும் அன்பாத்தான் சொல்லப் போறேன். என் புள்ளைக்கு முதல் நலங்கு நான்தான் வைப்பேன். எல்லாம் நல்லபடியா முடியட்டும், அப்புறம் ஓரமாப் போயி ஆசீர்வாதம் பண்ணிக்கிறேன்னு நிக்க மாட்டேன். முதல்லயே வைப்பேன்.

அன்னைக்கு மழை கொட்டினா குடையைத் தேடுவேன். பாயசத்துக்குப் பால் திரிஞ்சு போனா கடைக்கு ஆள் அனுப்புவேன். மேளக்காரன் வரலைன்னா எங்கடா போனேன்னு போன் பண்ணித் திட்டுவேன். நாளைக்கு அதுங்களுக்குள்ள சண்டை வந்தா, எதனாலன்னு உக்காந்து கேட்டு, அதைச் சரி பண்ணப் பார்ப்பேன். என்ன நடந்தாலும் சரி, திரும்பி என் கையைப் பார்க்க மாட்டேன் அக்கா. இது உனக்கு நான் கொடுக்குற வாக்கு.

உனக்கு அடுத்து அதே வயித்துல பொறந்த,
உன் வாயாடித் தங்கச்சி
செல்லம்மா